பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு மூன்றாம் எண் கூண்டு

மாணவர்களுக்கு மனம் என்று ஒன்று இருப்பதாக ஜூன் மாதம் பதினேழாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு மின்னஞ்சலில் தகவல் வந்தது. பார்வை ஒன்றில் கண்ட கடிதம், பார்வை இரண்டில் கண்ட செயல்முறைகள் ஆகியவற்றின்படி அந்த மனத்தின் அன்றாட நிலவரத்தைப் பிற்பகலுக்குள் செயலியில் ஏற்ற வேண்டும் என்றும், தவறினால் சம்பந்தப்பட்டவர்கள் மீது கடும் நடவடிக்கை பாயும் என்றும் அதில் கண்டிருந்தது. மாணவர்களைப் பயமுறுத்தக் கூடாது என்பதற்காக ஆசிரியர்களைப் பயமுறுத்தி எழுதப்பட்ட சுற்றறிக்கை அது.

தூத்துக்குடியில், உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் உதிர்ந்துகொண்டிருக்கும் கடற்கரைப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. பெயரைச் சொன்னால் அதற்கும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும் என்பதால் பெயரை விட்டுவிடலாம். அதன் தலைமையாசிரியர் ஜாக்சன் ரோச் சுற்றறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அறிவியல் ஆசிரியை ஜெபசுதாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“டீச்சர், உங்களை இந்தப் பள்ளியின் அகநலப் பொறுப்பாசிரியரா நியமிச்சிருக்கேன்.”

“என்னைய எதுக்கு சார்?”

“போன வருஷம் அந்த ஆனிங்கிற பிள்ளைக்காக மூணு லெட்டர் எழுதினீங்கல்லா? இந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைக மனசைப் பத்தி எழுத்துப்பூர்வமா கவலைப்பட்ட ஒரே ஆளு நீங்கதான். ஆதாரம் இருக்கு.”

கவலையை வாயோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஜெபசுதா தப்பித்திருப்பாள். அவள் சாத்தான்குளத்துக்காரி. அப்பா ஆசிரியர், தாத்தா ஆசிரியர், கடிதம் எழுதாமல் இருக்கத் தெரியாத குடும்பம்.

ஆனி பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் மூன்றாவது பெஞ்சு. எழுத்துகள் அவளுக்கு ஓர் இடத்தில் நிற்பதில்லை. மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் வாசிக்கும் நேரத்தில் அவள் ஒரு வரி வாசிப்பாள், அந்த வரியையும் இரண்டு தரம் திருத்துவாள். எழுதச் சொன்னால் கை வியர்த்து நோட்டு நனையும். ஆனால் வாயால் கேட்டால் அவளை யாரும் மடக்க முடியாது. ஒளிவிலகல் பாடம் நடந்த அன்று புத்தகத்தைத் திறக்காமலே சொன்னாள்: “வள்ளத்துல இருந்து பாத்தா சங்கு கைக்கெட்டுற தூரத்துல கெடக்க மாதிரி தெரியும் டீச்சர். குதிச்சாத்தான் ஆழம் தெரியும். வெளிச்சம் தண்ணியில இருந்து மேல வரும்போது வளையுது, அதான் எங்கப்பா கண்ண நம்ப மாட்டாரு.” அவள் அப்பா ஜெனோ சங்கு குளிப்பவர். ஜெபசுதா பதினெட்டு வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறாள். அன்றைக்குத்தான் அது தனக்கே சரியாகப் புரிந்தது என்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு அரசாங்கத்திலேயே வழி இருக்கிறது. சிறப்பாசிரியர் வந்து பார்த்து, மருத்துவக் குழு சான்று கொடுத்தால், பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியரைப் போடுவார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தருவார்கள். அது கிடைத்தால் ஆனி பதினொன்றாம் வகுப்புக்குப் போவாள். கிடைக்காவிட்டால் பெயில். பெயிலானால் அவள் அக்கா போகிற மீன் கம்பெனி வேனில் இவளுக்கும் ஓர் இடம் போட்டுவைத்திருப்பதாக அம்மா இசபெல்லா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

பொறுப்பு தலையில் விழுந்ததும் ஜெபசுதா உண்மையில் சந்தோஷப்பட்டாள். இனி ஆனியின் வேலை நடந்துவிடும் என்று நம்பினாள். அரசுப் பயிற்சி இணைய வழியில் இரண்டு மணி நேரம் நடந்தது. முதல் ஒரு மணி நேரம் “குரல் கேக்குதா?” என்று கேட்டார்கள். அடுத்த ஒரு மணி நேரம் கேட்டதா என்று தெரியாமலே பேசினார்கள். மாலையில் அவள் மனநல நிபுணர் என்று சான்றிதழ் வந்தது.

சுற்றறிக்கையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில் பிள்ளைகளின் மனநிலையைக் காட்டச் சொல்லியிருந்தது. ஜாக்சன் ரோச் அதை ஏற்கவில்லை.

“நிறம் வேண்டாம் டீச்சர். பச்சைன்னா ஒருத்தன் வருவான், சிவப்புன்னா ஒருத்தன் வருவான், ஆரஞ்சுன்னா சொல்லவே வேண்டாம். மனநலத்துல அரசியல் கூடாது.”

“அப்ப எப்படி சார் காட்டுறது?”

தலைமையாசிரியரின் கண்கள் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் பக்கம் போயின. அவர் அப்பா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வேலையில் இருந்தவர். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது, மூன்று என்றால் காற்று வரலாம், ஏழு என்றால் நம் தலைக்கு மேல், பத்து என்றால் கும்பிடு போட வேண்டியதுதான், பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இந்தக் கடற்கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

“கூண்டு!” என்றார் ஜாக்சன் ரோச். “ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர். வகுப்புக்கு ஒரு நம்பர். பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் சராசரி எடுத்து மொட்டை மாடியில ஒரு கம்பத்துல கூண்டு ஏத்துவோம். மனசுங்கிறது என்ன டீச்சர்? கடல்தானே?”

அவருக்கு மறுப்புச் சொல்ல ஆசிரியர்கள் யாருக்கும் தோன்றவில்லை. மறுப்புச் சொன்னவரே அதற்கும் பொறுப்பாசிரியர் ஆகிவிடும் ஆபத்து இருந்தது. மீன் பிடிக்கிற பழைய கூடுகள் நாலைந்தை வாங்கி, கறுப்புத் துணி சுற்றி, கைத்தொழில் பாடவேளையில் கூண்டுகள் தயாராயின.

நம்பரைக் கண்டுபிடிக்க ஒரு படிவம் வந்தது. எட்டுப் பக்கம், அறுபது கேள்வி. பிள்ளைகள் தாங்களே வாசித்து, தங்கள் கைப்பட, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்ப வேண்டும். நாற்பத்தேழாவது கேள்வி இப்படி இருந்தது: ‘உமக்கு வாசிப்பதிலோ எழுதுவதிலோ சிரமம் உண்டா? உண்டெனில் ஐம்பது சொற்களுக்கு மிகாமல் விவரித்து எழுதுக.’

கொடுத்த நேரத்தில் ஆனி இரண்டாவது கேள்விக்கு வந்திருந்தாள். மீதி ஐம்பத்தெட்டும் காலி. செயலி அதைப் பரிசீலித்து, காலியாக விட்டவற்றில் புகார் எதுவும் இல்லை என்பதால், ஆனிக்குப் பூஜ்யம் போட்டது. பூஜ்யம் என்றால் அமைதிக் கடல். அந்தப் பள்ளியிலேயே மிகவும் நிம்மதியான பிள்ளை ஆனிதான் என்று திரையில் ஒரு பூங்கொத்தும் வந்தது.

ஜெபசுதா ஓட்டமும் நடையுமாகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

“சார், இவளால கேள்வியை வாசிக்க முடியல. அதான் காலியா இருக்கு.”

“வாசிக்க முடியலன்னு எங்க எழுதியிருக்கா?”

“எழுதவும் முடியாது சார்.”

“அதை நாற்பத்தேழுல எழுதியிருக்கலாமே டீச்சர். அதுக்குத்தானே அந்தக் கேள்வியே வச்சிருக்கான்.”

“பூஜ்யம் வேண்டாம் சார். பதினொன்னு போடுங்க. தொடர்பு அறுந்தா பதினொன்னுதானே?”

ஜாக்சன் ரோச் கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் சொன்னார்: “பதினொன்னு போட்டா தொடர்பை யாரு அறுத்தான்னு கேப்பான். விசாரிச்சா நம்மதான் அறுத்தோம்னு வரும். பூஜ்யம் இருக்கட்டும். பூஜ்யத்தை எவனும் வந்து கேக்க மாட்டான்.”

கேட்க மாட்டான் என்பது சத்தியமான வார்த்தை.

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்புக்குக் கணக்குத் தேர்வு. காலை எட்டு மணிக்கே பிள்ளைகள் செயலியில் தங்கள் மனதைக் கொட்டிவிட்டார்கள். ‘ஆ’ பிரிவின் சராசரி மூன்று. ‘அ’ பிரிவும் ஏறக்குறைய அதேதான், பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் அதேதான் வந்தது. தலைமையாசிரியர் தம் கையாலேயே மூன்றாம் எண் கூண்டை மொட்டை மாடிக் கம்பத்தில் ஏற்றி, அண்ணாந்து பார்த்து, அப்பாவை நினைத்துக் கண் கலங்கினார். நல்ல உயரமான கம்பம். கரையில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது.

பத்து மணிக்குப் பள்ளி வாசலில் கூட்டம். முன்னால் நின்றது ஆனியின் அப்பா ஜெனோ.

“சார், எந்தப் பக்கத்துல இருந்து வாரான்?”

“யாரு?”

“காத்துதான். மூணாம் நம்பர் ஏத்தியிருக்கியளே. கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு. ரேடியோவுல ஒண்ணுஞ் சொல்லல. கூண்டப் பாத்துட்டு எழுவது வள்ளம் போவாம கெடக்கு.”

“அது காத்துக்கு ஏத்தினது இல்லய்யா,” என்றார் ஜாக்சன் ரோச். “கணக்குப் பரிட்சைக்கு.”

ஜெனோ திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஜெனோவைப் பார்த்தது.

“ஏலே, கணக்குப் பரிட்சைக்கா வள்ளத்த மேல இழுத்துக் கெட்டுனோம்?” என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

“இது பிள்ளைகளோட மனசுல வீசுற காத்து. உங்க பிள்ளைகளோட மனசுதான்.”

“எங்க வீட்டுல கேட்டா நாங்களே சொல்லியிருப்போமே சார். கணக்குன்னா எம் மவனுக்குச் சாம்பிராணித் தூமம் போட்டாலும் மூஞ்சி தெளியாது. இதுக்குக் கூண்டு வேற ஏத்தணுமா?” என்றார் பின்னால் நின்றவர்.

ஜெனோ கொஞ்சம் யோசித்துவிட்டு, “நம்ம ஆனிக்கு என்ன நம்பர் சார்?” என்று கேட்டார்.

“பூஜ்யம். மிகவும் அமைதி.”

“அமைதியா?” ஜெனோவுக்கு அது பிடிபடவில்லை. “பள்ளிக்கூடம்னா காலையில அந்தப் பிள்ளைக்கு வயித்து வலி வருது. ஞாயித்துக்கெழம வராத வயித்து வலி.”

ஜெபசுதா வாயைத் திறந்தாள். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

விஷயம் துறைமுகத்துக்குப் போய், மீன்வளத் துறைக்குப் போய், கல்வித் துறைக்கு வந்து, மூன்று துறைகளும் கூடிப் பேசின. பள்ளிக்குக் கூண்டு ஏற்ற அதிகாரம் உண்டா என்று ஒரு துறை கேட்டது. துறைமுகத்துக்கு மனநிலை பற்றித் தீர்மானிக்க அதிகாரம் உண்டா என்று இன்னொரு துறை திருப்பிக் கேட்டது. ஐந்து மணி நேரம் விவாதித்து, கூண்டை இனிமேல் கடலைப் பாராத திசையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்யப்பட்டது. ஏற்றவே வேண்டாம் என்று சொல்ல எந்தத் துறைக்கும் விதி இடம் கொடுக்கவில்லை.

பத்திரிகையில் படம் வந்தது. படத்தைப் பார்த்த மாவட்ட மாணவர் மகிழ்ச்சி அலுவலர் பரவசப்பட்டுப் போனார். அப்படி ஒரு பதவி அந்த வருடம்தான் உண்டாகியிருந்தது. அதில் காட்டுவதற்கு அவரிடம் அதுவரை எதுவும் இல்லை. கூண்டு முறைக்கு ‘முத்துநகர் மாதிரி’ என்று பெயர் வைத்து மாவட்டம் முழுவதும் உத்தரவு போட்டார். மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற புதுக்கோட்டை என்ற ஊரில் ஏற்றினார்கள். கடல் விலகிப் போய்ப் பல நூறு வருடமான கொற்கையிலும் ஏற்றினார்கள். அங்கே கூண்டைப் பார்த்தவர்கள் பயந்துபோய் வாழைக்கெல்லாம் முட்டுக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு ஊரில் கூண்டின் கீழே சூடம் ஏற்றியதாகவும் கேள்வி.

ஆரம்பத்தில் பெற்றோர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைக்கு இரண்டு என்று வந்தாலே வீட்டில் அடி விழுந்தது. “எம் பிள்ளைக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?” என்று இசபெல்லா நேரிலேயே வந்து ஜெபசுதாவிடம் கேட்டாள். ஆனியைச் சிறப்பாசிரியரிடம் காட்டலாம் என்று ஜெபசுதா வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதற்குத்தான் அந்தக் கேள்வி.

“கோட்டி இல்ல இசபெல்லா. அவளுக்கு நல்ல மூளை. எழுத்து மட்டும் கண்ணுல நிக்க மாட்டேங்குது. ஒரு சான்று வாங்கிட்டா போதும்.”

“சான்று வாங்கிட்டா ஊரு என்ன சொல்லும் டீச்சர்? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவானா? படிக்கலன்னு சொல்லுங்க, பொறுத்துக்கிடுதேன். பேப்பர்ல எழுதி ஒட்டிறாதிய.”

பக்கத்தில் நின்ற ஜெனோதான், “ஏளா, நீ சும்மா இரு. டீச்சருக்குத் தெரியும்,” என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

அக்டோபரில் காற்று திசை மாறியது. ஏழாம் எண்ணும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு, பள்ளிக்குப் பத்துப் பேர் வரை, பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆசிரியரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் வழங்கப்படும் என்று மகிழ்ச்சி அலுவலர் உத்தரவிட்டார். செயலியின் நம்பரே போதும். மருத்துவக் குழுவுக்கு அலைய வேண்டாம், அலைந்தாலும் அந்தச் சான்று இனிச் செல்லாது. நிர்வாகத்தை எளிமைப்படுத்துகிறாராம்.

அடுத்த வாரமே மில்லர்புரத்தில் ஒரு பயிற்சி நிலையம் திறந்தது. ‘உங்கள் குழந்தையின் மனச்சோர்வுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று வாசலில் பலகை. அறுபது கேள்விக்கும் மாதிரி விடை, வாரத் தேர்வு, ஞாயிற்றுக்கிழமை அழுகைப் பயிற்சி. முன்பு இரண்டுக்கு அடித்த பெற்றோர் இப்போது ஐந்துக்கு அடித்தார்கள். “பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டு வாங்கியிருக்கா, உனக்கு ஏன் வரல?” என்று கேட்டார்கள். அந்த வருடம்தான் தூத்துக்குடியில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே மனம் கெட்டது. ஆனால் அது பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்ததால் செயலியில் ஏறவில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மனைவி டயானா, தன் மகள் ரீனாவுக்கு ஒன்பது வந்ததும் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். “அவ சின்ன வயசுல இருந்தே அப்படித்தான் டீச்சர், ரொம்ப சென்சிட்டிவ்,” என்றாள். ரீனா மாநில அளவில் பேச்சுப் போட்டிக்குப் போய் வந்த பிள்ளை. ‘நான் உள்ளுக்குள் உடைந்த கண்ணாடி’ என்று தொடங்கி, நாற்பத்தேழாவது கேள்விக்குச் சரியாக ஐம்பது சொல்லில், ஒரு பிழை இல்லாமல், தன்னால் எழுதவே முடியாது என்று அழகாக எழுதியிருந்தாள்.

நவம்பர் கடைசியில், ஜெபசுதா நான்கு கடிதம் போட்டுக் காத்திருந்த சிறப்பாசிரியர் ஜெயசெல்வி வந்து சேர்ந்தாள். ஒரு ஸ்கூட்டர், முப்பத்தெட்டுப் பள்ளிகள், ஒரு பை. பையிலிருந்து அவள் அளவு டேப்பை எடுத்தாள்.

“கூண்டு எங்க இருக்கு டீச்சர்?”

“கூண்டா? பிள்ளை உள்ள இருக்கா, வாங்க.”

“நான் பிள்ளைய பாத்து மூணு மாசம் ஆச்சு டீச்சர். கூண்டு மட்டும்தான் பாக்கேன். உயரம் ரெண்டடி, குறுக்களவு ஒன்னரை. முப்பத்தெட்டுப் பள்ளிக்கூடத்துக் கூண்டையும் அளந்து முடிச்சாத்தான் அடுத்த வேலை.”

“ஒரு பத்து நிமிஷம் அந்தப் பிள்ளையோட பேசுங்க. உங்களுக்கே தெரியும்.”

“பூஜ்யம் வாங்கின பிள்ளைய ஏன் பாத்தேன்னு எனக்கு மெமோ வரும்.” சொல்லிவிட்டு ஜெயசெல்வி ஜெபசுதாவின் முகத்தைப் பார்த்தாள். டேப்பைப் பைக்குள் போட்டாள். “சரி, கூண்டு அளக்கையில பக்கத்துல ஒரு பிள்ளை நின்னா அது என் தப்பு இல்ல.”

மொட்டை மாடியில் கூண்டை அளந்துகொண்டே ஆனியோடு பேசினாள். வாசிக்கச் சொன்னாள், சொல்லச் சொன்னாள், எழுதச் சொன்னாள். கீழே வந்து, “சந்தேகமே வேண்டாம். நாலாங் கிளாசுலயே பாத்திருக்கணும்,” என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. “ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. அந்தப் படிவத்தை நீங்க வாசிச்சுக் காட்டி, அவ சொல்றதை நீங்களே எழுதி அனுப்புங்க. எல்லாம் சரியா வந்தா ஏழுக்கு மேலதான் வரும்.”

ஜெபசுதா அப்படியே செய்தாள். ஆனி சொன்னாள், அவள் எழுதினாள். வயிற்று வலியைச் சொன்னாள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மற்றவர்கள் முடித்துவிட்டுத் தன்னையே பார்ப்பதைச் சொன்னாள். நாற்பத்தேழாவது கேள்விக்கு, “எனக்கு எல்லாம் தெரியும், காட்டத்தான் முடியல,” என்றாள். ஐம்பது சொல் வரவில்லை. அதையே எழுதி அனுப்பினாள் ஜெபசுதா.

பத்து நாளில் பதில் வந்தது. ‘மேற்படி மாணவி தானே எழுத வேண்டிய படிவத்தைத் தாங்கள் எழுதியிருப்பது கையெழுத்து ஒப்பீட்டில் தெரிய வருகிறது. அதாவது, சொல்வதை எழுதும் ஆசிரியர் வசதி பெறத் தகுதியுண்டா என இன்னும் முடிவாகாத மாணவிக்கு, அந்த வசதியை முன்கூட்டியே, அனுமதியின்றித் தாங்கள் வழங்கியுள்ளீர்கள். இதற்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’

ஜெபசுதாவின் அப்பா முப்பத்தைந்து வருட சர்வீசில் ஒரு மெமோ வாங்காதவர். தாத்தா தலைமையாசிரியராகவே ஓய்வு பெற்றவர். குடும்பத்திலேயே முதல் மெமோ அவளுக்கு. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் சோறு இறங்காமல் திரிந்தாள். கோபமும் வந்தது, பயமும் வந்தது, இரண்டில் பயம்தான் பெரிதாக இருந்தது.

பிப்ரவரியில் ஜாக்சன் ரோச் ஒரு தாளை நீட்டினார். ‘இப்பள்ளியில் மேற்கண்ட பத்து மாணவர் தவிர ஆதரவு தேவைப்படும் மாணவர் வேறு எவரும் இலர் எனச் சான்றளிக்கிறேன்.’ கீழே அகநலப் பொறுப்பாசிரியர் கையொப்பம் என்று புள்ளிக் கோடு.

“இது பொய் சார்.”

“பொய்தான். ஆனா நீங்க போடலன்னா பத்துப் பிள்ளைக்கும் கிடைக்காது. கழகத் தலைவர் காலையில இருந்து மூணு தரம் போன் பண்ணிட்டார்.”

“பத்துல ஒருத்தருக்காவது நிஜமா தேவையா சார்?”

“அதைக் கேக்குற பத்தி இதுல இல்ல டீச்சர்.” அவர் குரலைத் தணித்தார். “போட்டுட்டா உங்க மெமோவும் முடிஞ்சிரும்னு மகிழ்ச்சி அலுவலர் சொல்லுதாரு. ஆனிக்கு இல்லன்னா ஜூன்ல மறுதேர்வு இருக்கு. அப்ப ரெண்டு பேருமா சேந்து பாப்போம்.”

ஜெபசுதா அன்று கையெழுத்துப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. மூன்றாம் நாள் போட்டாள். தகுதி பெறாத பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்பது விதி என்பதால், ஓரத்தில் பூ வேலை செய்த தாளில் அதை அச்சடித்து அனுப்பிவைத்தார்கள்.

பொதுத்தேர்வு வந்தது. அறிவியல் தேர்வன்று பத்துப் பிள்ளைகளுக்கும் பத்து ஆசிரியர்கள் சொல்வதை எழுதப் போனார்கள். ஜெபசுதாவுக்கு வாய்த்தது ரீனா.

ரீனா மடமடவென்று சொன்னாள். நிறுத்தற்குறியோடு சொன்னாள். “மிஸ், அந்த ‘ழ’வைக் கொஞ்சம் தெளிவா போடுங்க, மார்க் குறைப்பாங்க,” என்றாள். ஒன்றே காலுக்குத் தேர்வு முடியும் மணி அடித்தபோது ரீனாவின் விடைத்தாள் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

“மிஸ், நான் போலாமா?”

“போக முடியாதும்மா. கூடுதல் நேரம் கொடுத்திருக்கு. அதை முழுசா பயன்படுத்தணும்னு விதி.”

“ஒரு மணி நேரம் என்ன பண்றது மிஸ்?”

 ரீனா வெற்றுத் தாளை எடுத்துத் தன் பெயரை விதவிதமாக எழுத ஆரம்பித்தாள். நிஜமாகவே அழகான கையெழுத்து. எதிர்ச் சாரியில், நான்காம் எண் அறையில், ஆனியின் கையிலிருந்து கண்காணிப்பாளர் விடைத்தாளை வாங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஆனி தாளை விட மனசில்லாமல் ஒரு நொடி பிடித்திருந்தாள். அப்புறம் விட்டாள். ஜெபசுதா இரண்டே கால் வரை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ரீனாவின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்தபோது பூவரசு நிழலில் பெற்றோர் கூட்டம். பத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள். அவர்களோடு, போகாமல் காத்திருந்தாள் ஆனி. கூட்டிப்போக வந்த இசபெல்லாவும் பக்கத்தில் நின்றாள்.

“எத்தனை எழுதின?” என்று கேட்டாள் ஜெபசுதா.

“நாலு கேள்வி டீச்சர். அஞ்சாவத வாசிச்சிட்டு இருக்கையில வாங்கிட்டாங்க.” ஆனி மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா எல்லாம் தெரியும் டீச்சர். வெளிய வந்து பக்கத்துல நின்ன பிள்ளைய விட்டுக் கேள்வித்தாள வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சொல்லட்டுமா?”

சொன்னாள். ஒளிவிலகல் சொன்னாள், இதயத்தின் அறைகளைச் சொன்னாள், அமிலமும் உப்பும் சொன்னாள், உப்பளத்தில் எந்த உப்பு முதலில் படியும், ஏன் என்று கேள்வியில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். ஒன்று கூடத் தப்பில்லை. மரத்தடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். காருக்குள் ஏறப் போன டயானா திரும்பி வந்து நின்று கேட்டாள். முடிந்ததும் சிலர் கை தட்டினார்கள்.

“அப்பப்பா, எவ்வளவு தெளிவா சொல்லுதா!” என்றாள் டயானா. “இந்தப் பிள்ளைக்கெல்லாம் சொல்றதை எழுதிக் குடுக்க ஸ்கிரைபே தேவையில்ல பாருங்க. எங்க ரீனாதான் பாவம்.”

ஆனி கை தட்டியவர்களைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெபசுதா அந்தப் பிள்ளையின் தலையில் கை வைக்கலாம் என்று கையைத் தூக்கினாள். அதற்குள் இசபெல்லா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து ஜெபசுதா பார்த்ததே இல்லை.

“நாங்கூட உங்களத் தப்பா நெனச்சிட்டேன் டீச்சர், மன்னிச்சிருங்க. எம் பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்க ஒரு ஆளுதான்.”